ஒதுங்கி வாழும் உரிமை: ஜப்பானில் முதுமையின் சரித்திரம்

கி.பி. 718ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பெற்று 757இல் நடைமுறைக்கு வந்த ஜப்பானிய யோரோ சட்டத் தொகுதியில், குடும்பங்களைப் பற்றிய பகுதியிலே ஒரு விதி காணப்படுகிறது. 80 வயது நிரம்பியவருக்கு ஒரு பணிவிடைக்காரரும், 90 வயது நிரம்பியவருக்கு இருவரும், 100 வயதைக் கண்டவருக்கு ஐவரும் அமர்த்தப்படவேண்டும் என்பது அவ்விதி. சீனத்துத் தாங் வம்சத்தாரின் சட்டங்களைப் பார்த்து எழுதப்பட்ட தொகுதிதான் அது. ஆயினும் விதியின் பிற்பகுதியைப் படிக்கும்போதுதான் அக்கால அரசாங்கத்தின் சாதுரியம் விளங்குகிறது. பணிவிடைக்கு முதலில் அழைக்கப்பட வேண்டியவர்கள் அம்முதியவரின் பிள்ளைகளும் பேரன்மாருமே. அவர்கள் இல்லாவிடில் நெருங்கிய சுற்றத்தார். அவர்களும் இல்லாதபோதுதான் அயலார். அங்ஙனம் அமர்த்தப்பட்டவன் அரசாங்கத்துக்குச் செய்யவேண்டிய கட்டாய உழைப்பிலிருந்து விலக்குப் பெற்றான். அதாவது, அரசு தன் பொக்கிஷத்திலிருந்து ஒரு காசும் எடுத்துக் கொடுக்கவில்லை. மகனிடமிருந்து தான் வாங்கவேண்டிய வேலையை விட்டுக்கொடுத்து, அதைத் தகப்பனுக்குச் செய்யும்படி பணித்தது. 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜப்பானில் 100 வயது கடந்தவர்களின் தொகை 95,119. பழைய விதி இன்றும் உயிரோடிருந்தால் இவர்களுக்கு மட்டுமே நாலே முக்கால் லட்சம் பணிவிடைக்காரர் வேண்டியிருக்கும். 80 வயதினரைக் கணக்கில் சேர்த்தால் கோடிக்கு மேல் போய்விடும்.

ஜப்பானைப் போல முதியோர் நிறைந்த பெரிய தேசம் உலகில் வேறில்லை என்பது இன்று பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் அங்கே ஜனத்தொகையில் 29 சதவீதத்துக்கு மேல் இருக்கிறார்கள். கீழ்த்திசையார் பெரியோரைப் போற்றுபவர்கள், ஆகவே அங்கே முதியோர் நீடித்து வாழ்கிறார்கள் என்று இதற்குச் சமாதானம் சொல்லுவோர் உண்டு. மீனும் கடற்பாசியும் உண்பதே காரணம் என்பாரும் உண்டு. இவை இரண்டும் ஆயுளைப் பற்றி ஏதோ சொல்லக்கூடும். ஒரு தேசத்தின் மூப்பைப் பற்றி அதிகம் சொல்லமாட்டா. ஒரு தேசம் மூப்படைவது முதன்மையாக அங்கே பிள்ளைகள் குறைவதாலேயே ஒழிய, கிழவர்கள் சாகாமலிருப்பதால் அன்று. ஜப்பானின் விசேஷம் அந்த மாறுதல் நிகழ்ந்த வேகத்திலும், அது நிகழ்ந்த அதே தலைமுறையில் முதுமையைத் தாங்கி நின்ற பழைய குடும்ப ஏற்பாடு சட்டத்தினால் கழற்றப்பட்டதிலும் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அவ்வேற்பாட்டின் பெயர் இன்கியோ. ஒதுங்கி இருத்தல் என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

இன்கியோவைப் பற்றிப் பேசுமுன், முதியோரைக் கைவிடும் மலையைப் பற்றிய கதையைத் தொடாமல் போக இயலாது. ஜப்பானைப் பற்றி எழுதும் எவரும் அங்கே ஒருமுறை ஏறி இறங்கித்தான் வருகிறார்கள். நாகானோ பிரதேசத்தில் ஒபாசுதே என்னும் பெயர் கொண்ட மலை இருக்கிறது. மனைவியின் பேச்சைக் கேட்டு, தன்னைத் தாய்போல் வளர்த்த கிழவியை மலைமேல் விட்டுவந்த ஒருவன், அன்றிரவு அம்மலைமேல் எழுந்த நிலவைக் கண்டு மனம் பொறாமல் திரும்பச் சென்று அழைத்துவந்தான் என்ற கதை பத்தாம் நூற்றாண்டின் யாமாதோ கதைத் தொகுப்பிலேயே வந்துவிட்டது. 1956இல் ஃபுகஸாவா ஷிச்சிரோ எழுதிய நராயாமா கதையும், அதை வைத்து 1958இல் கினோஷிதாவும் 1983இல் இமாமுராவும் எடுத்த திரைப்படங்களும், இது ஜப்பானியக் கிராமங்களில் நிலவிய வழக்கமே போலும் என்று உலகை நம்பவைத்துவிட்டன. அப்படி ஒரு வழக்கம் நிலவியதற்குச் சரித்திரச் சான்று கிடையாது. கதையின் வேர்களில் ஒன்று நம் தேசத்திலேயே இருக்கிறது. 472ஆம் ஆண்டில் சீனத்தில் மொழிபெயர்க்கப்பட்ட ஒரு பௌத்தக் கதைத் தொகுதியில், முதியோரைத் துரத்திவிடும் தேசம் ஒன்றைப் பற்றிய உபாக்கியானம் உண்டு: மந்திரி ஒருவன் தன் தகப்பனை நிலவறையில் ஒளித்துவைக்கிறான், யானையின் எடையை அறிவது எப்படி, ஒரே சாயலுள்ள இரண்டு குதிரைகளில் தாய் எது, குட்டி எது என்பன போன்ற புதிர்கள் வந்தபோது ஒளிந்திருந்த கிழவரே விடை சொல்லி ராஜ்யத்தைக் காப்பாற்றுகிறார். இது ஜப்பானுக்குச் சென்று, கொன்ஜாக்கு என்னும் பெருந்தொகுப்பின் இந்தியப் பகுதியில் இடம்பெற்றது. ஸேய் ஷோனாகோன் என்னும் அரண்மனைப் பெண்மணியும் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தன் குறிப்புகளில் இதன் மற்றொரு வடிவத்தைச் சொல்லியிருக்கிறாள். அதில், ஏழு வளைவுள்ள துளைவழியே நூலைக் கோக்க, எறும்பின் இடையில் நூலைக் கட்டி, மறு வாயில் தேனைத் தடவுமாறு யோசனை கூறுபவர் ஒளித்துவைக்கப்பட்ட முதிய தந்தை.

கதை அழகானதுதான். ஆனால் அதன் நியாயத்தில் ஒரு குறை இருப்பதை நாம் கவனிப்பதில்லை. புதிருக்கு விடை தெரிந்ததனால் கிழவர் பிழைத்தார். விடை தெரியாத கிழவரின் கதி என்ன என்று கதை சொல்லவில்லை. உபயோகமுள்ள முதுமைக்கு மரியாதை செய்ய எந்தச் சமூகமும் தயங்கியதில்லை. உபயோகமற்ற முதுமையை யார் தாங்குவது என்பதுதான் கேள்வி. அதற்கு ஜப்பானியர் பல நூற்றாண்டுகள் சொல்லிவந்த பதில்தான் இன்கியோ.

எடோ காலமாகிய 1603 முதல் 1868 வரையில் இவ்வழக்கம் நன்கு வேரூன்றியிருந்தது. குடும்பத் தலைவன் சாகும்வரை தலைமையை வகிக்கவேண்டியதில்லை. ஒரு பிராயம் வந்ததும் வீட்டையும் நிலத்தையும் தொழிலையும், பெரும்பாலும் மூத்த மகனிடம், மகனில்லையேல் வீட்டோடு வந்த மருமகனிடமோ சுவீகார புத்திரனிடமோ ஒப்படைத்துவிட்டு, வளாகத்தின் ஒரு மூலையில் கட்டப்பட்ட சிறு வீட்டுக்குக் குடிபெயர்வான். சில பிரதேசங்களில் முதியவர் தமக்கென்று ஒரு துண்டு நிலத்தை நிறுத்திக்கொள்வர். அவர் காலத்துக்குப் பின் அது பெரிய வீட்டைச் சேரும். மேற்குப் பகுதிகளில் தம்பதி தங்கள் இளைய பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தனி அடுப்பு வைப்பதுண்டு. வடகிழக்கின் பனிப் பிரதேசங்களிலோ ஒரே கூரையின்கீழ்தான் வாசம். ஆண்களுக்கு இங்ஙனம் என்றால், பெண்களுக்கு அதிகார மாற்றம் அடுக்களையில் நிகழ்ந்தது. மாமியார் சோறு பரிமாறும் அகப்பையை மருமகளிடம் கொடுத்துவிட்டாள் என்றால், யாருக்கு எவ்வளவு சோறு என்பதைத் தீர்மானிக்கும் உரிமையையே கொடுத்துவிட்டாள் என்று பொருள். நம் வீடுகளில் சாவிக் கொத்து கைமாறுவதைப் போன்றதே அது. அன்று முதல் மாமியாரின் கிண்ணத்தில் எவ்வளவு விழும் என்பதும் மருமகளின் மனத்தைப் பொறுத்ததாகிவிடும். ஆகவே சில மாமியார்கள் அகப்பையை லேசில் விடவில்லை என்பதில் ஆச்சரியமில்லை.

இந்த ஒதுங்குதலால் விளைந்த நன்மைக்கு இனோ தடாதகாவைக் காட்டிலும் சிறந்த உதாரணம் கிடையாது. 1745இல் பிறந்த அவர், இளமையில் ஸாவாரா என்னும் ஆற்றங்கரை வர்த்தக நகரத்து இனோ குடும்பத்தில் மருமகனாகப் புகுந்து, அக்குடும்பத்தின் மதுபானத் தயாரிப்பையும் அரிசி வியாபாரத்தையும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்திப் பெருக்கினார். ஒதுங்கிவிட வேண்டும் என்ற அவருடைய வேண்டுகோளை ஊரின் பிரபு முதலில் ஏற்கவில்லை. ஊருக்கு உபயோகமான மனிதரை யார்தான் விடுவார்? 1794இல்தான் அனுமதி கிடைத்தது. மறு ஆண்டே அவர் எடோ நகரத்துக்குச் சென்று, தம்மைவிட 19 வயது இளையவரான வானசாஸ்திரி தகாஹாஷி யோஷிதோகியின் காலடியில் அமர்ந்து, வானசாஸ்திரம் கற்கத் தொடங்கினார். பூமியின் அட்சரேகையில் ஒரு பாகை எவ்வளவு தூரம் என்பதை அளந்து காணவேண்டும் என்ற ஆவல் பிறந்தது. அதற்கு நெடுந்தூரம் வடக்கே போகவேண்டியிருந்தது. வடதீவாகிய எஸோவின் கரையை அளப்பதாகச் சொன்னால் அரசாங்கம் பிரயாணத்துக்கு இசையும். 1800இல், 55ஆம் வயதில், பெரும்பாலும் தம் சொந்தச் செலவில் அவர் புறப்பட்டார். அன்று தொடங்கிய அளவை 1816 வரை நீடித்தது. ஜப்பானின் கரை முழுவதும் காலடியாலும் சங்கிலியாலும் அளக்கப்பட்டது. 1818இல் அவர் காலமானபோது படம் முடியவில்லை. சீடர்கள் அம்மரணத்தை வெளியிடாமல் வைத்து, 1821இல் படத்தை முடித்துச் சமர்ப்பித்த பிறகே அறிவித்தார்கள். குடும்பப் பாரத்தை இறக்கிவைக்கும் வழக்கம் ஒன்று இல்லாதிருந்தால் அந்தப் படம் உருவாகியிராது. எல்லோரும் இனோ அல்லர் என்பதையும் மறக்கலாகாது. ஒதுங்கிய முதியவர்களில் பெரும்பாலோர் கயிறு திரித்தும், பேரப்பிள்ளைகளைக் காத்தும், மகனுடைய முகக்குறிப்பைப் பார்த்தும் காலம் கழித்திருப்பர்.

மேய்ஜி காலத்தில் ஐரோப்பியச் சட்டங்களைத் தழுவிப் புதிய சிவில் சட்டம் இயற்ற முற்பட்டபோது, இவ்வழக்கத்தை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. உயிரோடிருக்கும்போதே ஒருவன் தன் சொத்தையும் ஸ்தானத்தையும் வாரிசுக்குக் கொடுத்துவிடுவது ரோமானியச் சட்டத்திலும் பிரெஞ்சுச் சட்டத்திலும் அடங்காத விஷயம். சட்டத்தை வரைந்த மூவரில் ஒருவரான ஹொஸுமி நோபுஷிகே 1891இலேயே இன்கியோவைப் பற்றித் தனி நூல் எழுதியிருந்தார். முதியோரைக் கொல்லுதல், பின்பு கைவிடுதல், பின்பு ஒதுங்கவிட்டு ஊட்டுதல் என்று மனித சமூகம் படிப்படியாக ஏறிவந்திருக்கிறது என்பது அவருடைய சித்தாந்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குரிய ஏணிக் கற்பனைதான் இது; இன்று அப்படியே ஏற்பாரில்லை. ஆயினும், முதியோரைத் தாங்கும் கடமை குடும்பத்தோடு நின்றுவிடாமல் நாளடைவில் சமூகத்தையும் ராஜ்யத்தையும் சேரும் என்று அந்தக் காலத்திலேயே நினைத்த தீர்க்கதரிசனத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது. அவர் மனைவி உதாகோ, பெரும் வர்த்தகரான ஷிபுஸாவா எய்ச்சியின் மூத்த மகள். அந்த ஷிபுஸாவா, டோக்கியோவில் 1872இல் தோன்றிய யோயிகுஇன் என்னும் அநாதரவாளர் இல்லத்துக்குப் பல பத்தாண்டுகள் தலைவராயிருந்து, 1931இல் 91ஆம் வயதில் காலமாகும்வரை அப்பதவியை விடாதவர். மருமகன் எழுத்தில் கண்ட கேள்வியை மாமனார் இல்லத்தின் கூடத்திலே பாயில் படுத்திருக்கும் உருவங்களாகக் கண்டிருப்பார்.

1898இல் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டம் இன்கியோவை அங்கீகரித்தது. குடும்பத் தலைவன் 60 வயது பூர்த்தியானபின் ஒதுங்கலாம். வாரிசு முழுப் பொறுப்பையும் ஏற்க இசையவேண்டும். மூத்த மகனே வாரிசு. சொத்து முழுவதும் அவனுக்கு. பெற்றோரைத் தாங்கும் பாரம் முழுவதும் அவன் மேல், அதாவது அவன் மனைவி மேல். ராஜ்யம் தன் பங்குக்கு வைத்திருந்தது 1874ஆம் ஆண்டின் நிவாரண விதி ஒன்றுதான். சுற்றத்தார் எவரும் இல்லாத, 70 வயது கடந்த, நோயாலோ தளர்ச்சியாலோ உழைக்க இயலாத ஏழைக்கு மட்டும் ஆண்டுதோறும் இத்தனை அளவு அரிசியின் விலை கொடுக்கப்படும் என்றது அது. மகன் ஒருவன் எங்கேனும் உயிரோடிருந்தால் கிழவருக்கு அரிசி கிடையாது. இதே சமயத்தில் ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889இல் தொழிலாளருக்கு முதுமை ஓய்வூதியச் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தார். 70 வயதில் பெறவேண்டிய அத்தொகை 1916இல் 65 வயதுக்கு இறக்கப்பட்டது; 65 என்ற எண் உலகெங்கும் முதுமையின் வாசற்படியாக ஆனதில் ஜெர்மனிக்குப் பெரும்பங்குண்டு. பிரான்ஸில் 1910இல் அதே 65 வயதை வைத்துச் சட்டம் இயற்றியபோது, தொழிலாளர் அந்த வயதுவரை உயிரோடிருப்பதே அரிது, ஆகவே இது செத்தவர்களுக்கு வழங்கும் ஓய்வூதியம் என்று தொழிற்சங்கத்தார் பரிகசித்தார்கள்.

யுத்தத்தில் தோல்வியுற்றபின், 1947இல் இவையெல்லாம் ஒரே வீச்சில் மாறின. புதிய அரசியல் சாசனம் ஆண் பெண் சமத்துவத்தைப் பிரகடனம் செய்தது. அதற்கு இணங்கச் சிவில் சட்டம் திருத்தப்பட்டபோது குடும்பத் தலைவன் என்ற ஸ்தானமும், மூத்த மகனின் ஏகபோக வாரிசுரிமையும், அவற்றோடு இன்கியோவும் சட்டத்திலிருந்து நீங்கின. சொத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் சமம். நீதியின் கண்கொண்டு பார்த்தால் இதைக் குறைகூற இடமில்லை. மூத்தவன் மனைவியின் முதுகில் ஏற்றப்பட்டிருந்த பாரத்தைச் சட்டமாவது இனி ஏற்றாது என்பதே பெரிய விடுதலை. ஆனால் சொத்தைப் பெறும் உரிமையைப் பங்கிட்டது போல, பெற்றோரைப் பார்க்கும் வேலையைப் பங்கிட எந்தச் சட்டத்தாலும் முடிவதில்லை. அது எல்லோருடைய கடமையுமாயிற்று, ஆகவே பல இடங்களில் ஒருவருடையதும் அல்லாததாயிற்று.

அதே 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி, ஹியோகோ பிரதேசத்து நோமதானி என்னும் சிறு கிராமத்தில், ஊரின் முதியோரை அழைத்து ஒரு விருந்து நடத்தினார் கிராமத் தலைவர். 55 வயது கடந்தவர்கள் அழைக்கப்பட்டார்கள். அன்று பிறக்கும் ஆண்குழந்தையின் சராசரி ஆயுள் 50, பெண்குழந்தையினுடையது 54. ஆகவே 55 வயதை முதுமை என்று கொண்டதில் தவறில்லை. இந்த விருந்து பக்கத்து ஊர்களுக்குப் பரவி, பிரதேசத்தின் விழாவாகி, 1966இல் முதியோரைப் போற்றும் தினம் என்ற பெயரில் தேசிய விடுமுறையாயிற்று. 2023இல் பிறந்த ஆண்குழந்தைக்குரிய சராசரி ஆயுள் 81, பெண்குழந்தைக்கு 87.

முதியோருக்கு விருந்து நடந்த அந்த ஆண்டிலும் அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் ஜப்பானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 27 லட்சம் குழந்தைகள் பிறந்தன. போர்க்களத்திலிருந்தும் இழந்த காலனிகளிலிருந்தும் திரும்பிய லட்சக்கணக்கானோருக்கே சோறில்லாத தேசத்தில் இந்தப் பெருக்கம் பீதியை விளைவித்தது. 1948இல் இயற்றி 1949இல் விரித்த ஒரு சட்டத்தினால், வறுமையைக் காரணம் காட்டியும் கருவைக் கலைக்கலாம் என்றாயிற்று. அச்சட்டத்தின் மற்றொரு முகம், பரம்பரை நோயுள்ளவர்கள் என்று முத்திரையிடப்பட்டோரைப் பலவந்தமாக மலடாக்கிய கொடுமை. அது 1996இல்தான் நீங்கியது. பெண் ஒருத்திக்குச் சராசரி 4.3 பிள்ளைகள் என்றிருந்த கணக்கு, எட்டே ஆண்டுகளில், 1957இல், 2.0 அளவுக்கு இறங்கிவிட்டது. இத்தனை சுருக்கமான காலத்தில் குடும்பம் இப்படிப் பாதியாகச் சுருங்கியதை உலகம் அதுவரை கண்டதில்லை.

இந்தக் கணக்கில் ஒரு விசித்திரமான பள்ளம் உண்டு. ஜப்பானியருக்கும் நம்மைப்போல அறுபது வருஷச் சக்கரம் உண்டு. அறுபது நிரம்பியவருக்குச் சிவப்பு மேலாடை அணிவித்துக் கொண்டாடுவர் என்றால், சஷ்டியப்தபூர்த்தியைக் கண்ட நம்மவருக்கு விளக்கம் வேண்டியதில்லை. அதே சக்கரத்தில் நெருப்புக் குதிரை என்னும் வருஷம் ஒன்று வருகிறது. அவ்வருஷத்தில் பிறந்த பெண் கணவனுக்கு ஆகாதவள் என்ற மூடநம்பிக்கை எடோ காலத்திலிருந்தே வருவது. 1966 அப்படிப்பட்ட வருஷம். விரைவு ரயில் ஓடத் தொடங்கி, ஒலிம்பிக் விளையாட்டும் நடந்து முடிந்த தேசத்தில், முந்திய வருஷம் 18 லட்சமாயிருந்த பிறப்பு அந்த ஒரே வருஷம் 13.6 லட்சத்துக்கு இறங்கி, மறுவருஷம் 19 லட்சத்துக்கு ஏறிவிட்டது. பெண் ஒருத்திக்கு 1.58 என்ற அந்த எண்ணைச் சோதிடத்தின் விளையாட்டு என்று சிரித்து மறந்தார்கள். 1989ஆம் ஆண்டின் கணக்கு வெளியானபோது அது 1.57 ஆயிருந்தது. குதிரையும் நெருப்பும் இல்லாமலே தேசம் அந்தப் பள்ளத்துக்குக் கீழே இறங்கியிருந்தது கண்டு அப்போதுதான் அரசாங்கம் திடுக்கிட்டது. 2026 மறுபடியும் நெருப்புக் குதிரை வருஷம். ஆனால் குறைவதற்கு இனி அதிகம் மிச்சமில்லை.

பிற தேசங்களோடு வைத்துப் பார்த்தால் இந்த வேகத்தின் அர்த்தம் தெளிவாகும். 65 வயது கடந்தோர் 7 சதவீதமாயிருந்து 14 சதவீதமாவதற்கு எத்தனை ஆண்டுகள் பிடித்தன என்று பார்ப்பது அறிஞர்களின் வழக்கம். பிரான்ஸ் 1860களில் 7ஐ எட்டி, 1979இல்தான் 14ஐ எட்டியது; 115 ஆண்டுகள். ஸ்வீடனுக்கு 85, பிரிட்டனுக்கு 46, ஜெர்மனிக்கு 40. ஜப்பான் 1970இல் 7ஐயும் 1994இல் 14ஐயும் எட்டியது, 24 ஆண்டுகள். பிரெஞ்சுக் குடியானவர்கள் புரட்சிக் காலத்திலிருந்தே பிள்ளைகளைக் குறைத்துக்கொண்டு வந்தவர்கள். 1870இல் பிரஷ்யாவிடம் தோற்றபின், ஜனங்கள் குறைந்ததே தோல்விக்குக் காரணம் என்ற புலம்பல் எழுந்து, 1896இல் புள்ளிவிவர நிபுணர் ஜாக் பெர்த்திய்யோன் பிள்ளைப்பேற்றை வளர்க்க ஒரு சங்கமே நிறுவினார். ஸ்வீடனில் 1934இல் மிர்டால் தம்பதியர் எழுதிய நூல், தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் ராஜ்யம் செய்யவேண்டியவற்றை விவாதப் பொருளாக்கியது. அதாவது, மூப்பைப் பற்றி அழுவதற்கும், சண்டையிடுவதற்கும், சட்டம் செய்து தவறிப் பின் திருத்திக்கொள்வதற்கும் அவர்களுக்கு மூன்று நான்கு தலைமுறைகள் கிடைத்தன. ஜப்பானில் ஓர் உத்தியோகஸ்தன் வேலைக்குச் சேர்ந்து ஓய்வு பெறுவதற்குள் அத்தனையும் நடந்து முடிந்துவிட்டது.

தேசம் முழுவதும் ஒரே சீராக மூப்படையவும் இல்லை. 1950களின் நடுவிலிருந்து இருபது ஆண்டுகள், வசந்த காலந்தோறும், பள்ளியை முடித்த பதினைந்து வயதுச் சிறுவர் சிறுமியரை வடகிழக்குக் கிராமங்களிலிருந்து கூட்டமாக ஏற்றிக்கொண்டு டோக்கியோவின் உயெனோ நிலையத்துக்கு ரயில்கள் வந்தன. தொழிற்சாலைக்காரர்கள் அவர்களைப் பொன்முட்டைகள் என்று அழைத்தார்கள். முட்டைகள் போனபின் கூட்டில் எஞ்சியவர்கள் தகப்பனும் தாயும். குன்மா பிரதேசத்தின் மலைக் கிராமமான நன்மோகுவில் இன்று மூன்றில் இரண்டு பங்கினர் 65 வயது கடந்தவர்கள்.

ஆனால் வழி காட்டியதும் அத்தகைய கிராமம் ஒன்றுதான். இவாதே பிரதேசத்துச் சவாவுச்சி, பனிக்காலத்தில் ஆள் உயரத்துக்கு மேல் பனி மூடி, வெளியுலகத் தொடர்பே அற்றுப்போகும் ஏழைக் கிராமமாயிருந்தது. வைத்தியரிடம் காட்டப் பணமில்லாமல் முதியவர்கள் நோயை மறைப்பதும், குழந்தைகள் பெருமளவில் மடிவதும் அன்று அங்கே சாதாரணமாயிருந்தது. 1957இல் கிராமத் தலைவரான ஃபுகஸாவா மசாவோ முதலில் பனியை வாரிப் பாதை திறக்க ஒரு புல்டோசரை வாங்கினார். பிறகு வைத்தியரைத் தேடினார். 1960 டிசம்பரில் 65 வயது கடந்தோருக்கும், அடுத்த ஆண்டு 60 வயது கடந்தோருக்கும் ஒரு வயதுக்குட்பட்ட சிசுக்களுக்கும் இலவச வைத்தியம் என்று அறிவித்தார். காப்புறுதிச் சட்டத்துக்கு இது விரோதம் என்று மேலதிகாரிகள் ஆட்சேபித்தபோது, சட்டத்துக்கு விரோதமாயிருக்கலாம், உயிர்வாழும் உரிமையைத் தந்த சாசனத்துக்கு விரோதமன்று என்ற நிலையில் அவர் நின்றார். 1962இல் அக்கிராமத்தில் ஒரு சிசுவும் இறக்கவில்லை. ஜப்பானின் ஊராட்சிகளில் அப்படி ஓர் ஆண்டைக் கண்டது அதுவே முதல். 1965இல் பதவியிலிருக்கும்போதே அவர் மரித்தார். முதியோரும் சிசுக்களும் வெவ்வேறு கணக்குகள் அல்ல என்பதை அவரைப்போல் கண்டவர்கள் அந்தத் தேசத்தில் அதிகம் இல்லை.

1969இல் டோக்கியோவும், 1973இல் தேசிய அரசாங்கமும் சவாவுச்சியின் வழியில், 70 வயது கடந்தோருக்கு வைத்தியத்தை இலவசமாக்கின. தனாகா காகுவேயின் மந்திரிசபை அவ்வாண்டை மக்கள் நலத்தின் முதல் ஆண்டு என்று கொண்டாடியது. சில மாதங்களில் எண்ணெய் விலை நெருக்கடி வந்து கஜானாவைத் தாக்கியது. அதற்கு முந்திய ஆண்டு வெளியான அரியோஷி ஸாவாகோவின் நாவல் ஒன்று பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. உத்தியோகம் பார்க்கும் மருமகள் ஒருத்தி, நினைவு தப்பிய மாமனாரைப் பகலும் இரவும் பராமரிப்பதே அதன் கதை. வைத்தியம் இலவசம், பணிவிடைக்கோ வழியில்லை. ஆகவே நோயில்லாத முதியோரையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சேர்ப்பதே குடும்பங்களுக்கு வழியாயிற்று. மாதக்கணக்கில் அவர்கள் படுத்தபடியே கிடந்தார்கள். செலவு பெருகவே, 1983 முதல் முதியோரும் சிறு கட்டணம் செலுத்தவேண்டும் என்றாயிற்று. அந்த ஆண்டிலேயே ஹிகுச்சி கெய்கோ முதலிய பெண்கள் ஒன்றுகூடி, முதியோரைப் பராமரிக்கும் வேலையை மருமகள்களின் சம்பளமில்லா உழைப்பாக விட்டுவைக்காமல் சமூகத்தின் பொறுப்பாக்கவேண்டும் என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். பெற்றோரைப் பிள்ளைகள் பேணும் பழைய பண்பு குலைந்துவிடும் என்று எதிர்த்த அரசியல்வாதிகள் இருந்தார்கள். அவர்களில் எவரும் படுக்கை விரிப்பை மாற்றியவர்களாயிருக்கமாட்டார்கள் என்று எண்ணுகிறேன். 2000 ஏப்ரலில், ஜெர்மனியின் முன்மாதிரியையும் கண்டு வகுத்த பராமரிப்புக் காப்புறுதி நடைமுறைக்கு வந்தது: 40 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் சந்தா செலுத்தவேண்டும், தளர்ந்தபோது, தேவையின் அளவைப் பார்த்துப் பணிவிடைக்காரர் வீட்டுக்கு வருவார். மகனையன்றி அயலாரை, அதுவும் கூலி கொடுத்து, அமர்த்தும் கடமையை ராஜ்யம் ஏற்க யோரோ சட்டத்திலிருந்து 1,200 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இப்போது அந்த அயலாரில் இந்தோனேசியரும் பிலிப்பைன்ஸ் நாட்டவரும் வியட்நாமியரும் உண்டு.

எல்லாம் எழுத்தில் ஒழுங்காயிருந்தது. 2010இல் டோக்கியோவில் 111 வயதுடையவராகப் பதிவிலிருந்த ஒருவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோனது தெரியவந்தது. குடும்பத்தார் ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதன்பின் நடந்த விசாரணையில், குடும்பப் பதிவேடுகளில் உயிரோடிருப்பதாகக் காட்டப்பட்டு இருப்பிடம் தெரியாத நூறு வயது கடந்தோர் 2,34,000க்கு மேல் என்று வெளியாயிற்று. இருநூறு வயதுக்காரரும் அதில் இருந்தார். யுத்தத்திலும் குண்டுவீச்சிலும் அழிந்தும் அயல்நாடு சென்றும் மறைந்தவர்களின் பெயர்களை எவரும் நீக்காததால் வந்த வினை அது. பதிவேட்டில் குடும்பம் கலையாமல் இருந்தது, வீடுகளில் கலைந்திருந்தது.

ஜப்பான் மூப்படைந்த வேகத்தையும் தென்கொரியா மிஞ்சிவிட்டது. 7 சதவீதத்திலிருந்து 14 சதவீதத்துக்கு வர அதற்குப் பிடித்தது 18 ஆண்டுகளே. ஜப்பானைப் பார்த்து 2008இலேயே பராமரிப்புக் காப்புறுதியைத் தொடங்கியும், அங்கே முதியோரின் வறுமை வளர்ந்த தேசங்களிலேயே மிக அதிகம். ஜப்பானிலோ 65 வயது கடந்தும் உழைப்போர் 90 லட்சத்துக்கு மேல். நான்கு பேரில் ஒருவர். வண்டி நிறுத்துமிடங்களிலும், கட்டடங்களின் துப்புரவிலும், டாக்ஸிகளின் ஓட்டுநர் இருக்கையிலும் அவர்களைக் காணலாம். வேலையே உயிர் என்று மகிழ்வோடு செய்பவரும் அவர்களில் இருக்கிறார்கள், ஓய்வூதியம் வாடகைக்கே போதாமல் செய்பவரும் இருக்கிறார்கள். புள்ளிவிவரம் இருவரையும் ஒரே பத்தியில் எழுதிவிடுகிறது. 2021 ஏப்ரல் முதல், ஊழியருக்கு 70 வயதுவரை வேலைக்கு வழிசெய்ய முயலவேண்டும் என்று சட்டம் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. 1898ஆம் ஆண்டின் சட்டம் 60 வயதில் ஒருவனுக்கு ஒதுங்கும் உரிமையைக் கொடுத்தது. அந்த உரிமைக்கு விலையாக வாரிசு ஒருவனின் சம்மதத்தை மட்டுமே அது கேட்டது.